‘முடிவு நாளைக்குத்தான் வரும்னாங்க’: மொழிபெயர்த்த நோயாளிக் கேள்வித்தாளைச் சோதிக்க வருபவர்களுக்கு

காசிமேட்டில் மீன் விற்கும் அம்மா ஒருவர் முட்டிவலிக்காக டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் மஞ்சப்பை, கையில் ஓபி சீட்டு. டாக்டர் நோயாளியோடு கலந்து முடிவெடுத்தாரா என்று கேட்கும் ஒரு கேள்வித்தாளை நாங்கள் தமிழாக்கியிருந்தோம். அதன் முதல் வாக்கியத்தை அவருக்குப் படித்தேன்: “ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது என்பதை மருத்துவர் தெளிவாகச் சொன்னார்.” அம்மா உடனே தலையாட்டினார். “ஆமாப்பா, தெளிவா சொல்லிட்டாங்க. முடிவு நாளைக்குத்தான் வரும்னாங்க. எக்ஸ்ரே இன்னிக்கே குடுத்துட்டாங்க, ரத்தம்தான் பாக்கி.”

தாளில் 5 விழுந்தது. அதுதான் உச்ச மதிப்பெண். ஆனால் அவர் பதில் சொன்னது, ரத்தப் பரிசோதனை ரிசல்ட் எப்போது வரும் என்பதற்கு.

அவர் வாய்விட்டு விளக்கியதால் எனக்குத் தெரிந்தது. வெறும் “ஆமாம்” என்று சொல்லியிருந்தால் அந்த 5 அப்படியே கம்ப்யூட்டருக்குள் போயிருக்கும். பின்னால் எந்தக் கணக்கைப் போட்டாலும் அது காட்டிக் கொடுத்திருக்காது. தீசிஸுக்காக இந்த வேலையில் இறங்கும் பிஜி மாணவர்கள், நர்சிங் முதுகலை படிப்பவர்கள், மொழிபெயர்த்துத் தரச் சொல்லி அழைக்கப்பட்டவர்கள் எல்லாரும் முதலில் கணக்கைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். எனக்குத் தெரிந்து கணக்கில் தவறியவர்கள் குறைவு. பெஞ்சில் உட்கார்ந்து காதால் கேட்காமல் விட்டவர்கள்தான் அதிகம். அதனால் இந்த வழிகாட்டியில் பெஞ்சுக்குப் பெரிய இடம் கொடுத்திருக்கிறேன்.

எதை அளக்கப் போகிறோம்

டாக்டரும் நோயாளியும் சேர்ந்து முடிவெடுப்பது என்றால் என்ன என்பதை 1997இல் கனடாவைச் சேர்ந்த சார்ல்ஸ், காஃப்னி, வீலன் ஆகிய மூவரும் நான்கு அடையாளங்களாகச் சொன்னார்கள். குறைந்தது இரண்டு பேர் அதில் இருக்க வேண்டும், டாக்டர் ஒருவர், நோயாளி ஒருவர். இருவரும் தங்களுக்குத் தெரிந்ததை மற்றவருக்குச் சொல்ல வேண்டும். எந்தச் சிகிச்சை நல்லது என்று இருவரும் பேசி ஒரு கருத்துக்கு வர முயல வேண்டும். கடைசியில் இருவருக்கும் ஒப்பும்படி ஒன்று முடிவாக வேண்டும்.

இதை நோயாளியின் வாயால் கேட்டு அளக்கப் பரவலாகப் பயன்படுவது எஸ்டிஎம்-க்யூ-9 என்னும் கேள்வித்தாள். ஜெர்மனியில் உருவானது, 2010இல் வெளியானது. ஒன்பது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை ஆறு நிலைப் பதில். மொத்தம் 45. அதை 20ஆல் பெருக்கி 9ஆல் வகுத்தால் 100க்கு வந்துவிடும்: ஒருவர் 27 வாங்கினால் 60, 36 வாங்கினால் 80. வாக்கியங்களுக்கு முன்னால் எதற்காக டாக்டரைப் பார்த்தீர்கள், என்ன முடிவானது என்று இரண்டு திறந்த கேள்விகள் உண்டு. அவற்றை விட்டுவிடாதீர்கள், காரணம் கீழே வரும். இதே கேள்விகளை டாக்டரிடம் கேட்கும் பதிப்பு 2012இல் வந்தது. மிகச் சுருக்கமாக வேண்டுமென்றால் மூன்றே கேள்விகள் கொண்ட கொலாபரேட் இருக்கிறது, அது 2013இல் வந்தது.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். எஸ்டிஎம்-க்யூ-9இன் மூலம் ஜெர்மன். நாம் கையில் வைத்து மொழிபெயர்க்கும் ஆங்கிலமே ஒரு மொழிபெயர்ப்பு. ஆங்கில வாக்கியத்தில் ஒரு சொல் விளங்கவில்லை என்றால் அகராதியைப் புரட்டுவதைவிட உருவாக்கியவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்பது மேல். எப்படியும் அனுமதிக்காக அவர்களுக்கு எழுதத்தான் போகிறீர்கள். இலவசமாகக் கிடைக்கும் கேள்வித்தாளாக இருந்தாலும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வேறு யாராவது ஏற்கெனவே தமிழில் செய்து கொண்டிருக்கிறார்களா என்பதும் அந்தக் கடிதத்திலேயே தெரிந்துவிடும்.

முடிவெடுக்க ஏதாவது இருந்ததா?

காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கிப் போக வந்தவரிடம் “டாக்டர் உங்களோடு கலந்து முடிவெடுத்தாரா” என்று கேட்பதில் பொருளில்லை. இரண்டு வழியாவது இருக்கும் நோய்களைத் தேர்ந்தெடுங்கள். சுகர் மாத்திரையில் அடங்காமல் இன்சுலின் ஊசிக்குப் போவதா என்று நிற்பவர்கள், முட்டி மாற்று ஆபரேஷன் செய்வதா, மாத்திரையும் பயிற்சியுமாகத் தள்ளிப் போடுவதா என்று இருப்பவர்கள், டயாலிசிஸை மெஷினிலா வயிற்று வழியாகவா என்று யோசிப்பவர்கள், பிரசவத்துக்குப் பிறகு காப்பர் டி போடுவதா, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்வதா என்று கேட்கப்படும் பெண்கள். வடசென்னையில் இப்படிப்பட்டவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஸ்டான்லி, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ மருத்துவமனை, பெரம்பூர் ரயில்வே மருத்துவமனை, மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள் என்று ஒரே பஸ் ரூட்டில் எத்தனையோ இடங்கள். எங்கே செய்வது என்பது உங்களுக்கு எங்கே அனுமதி கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது.

அந்த இரண்டு திறந்த கேள்விகள் உதவுவது இங்கேதான். “என்ன முடிவானது” என்று கேட்டதும், “அதே மாத்திரைதான் எழுதிக் குடுத்தாங்க” என்று பதில் வந்தால் அவர் உங்கள் ஆய்வுக்குரியவரா என்று ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

மொழிபெயர்ப்பு மேஜை

எல்லாரும் பின்பற்றும் நடைமுறை 2000ஆம் ஆண்டு பீட்டனும் கூட்டாளிகளும் எழுதியது. சுருக்கம் இது: தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட இருவர் தனித்தனியாக மொழிபெயர்க்கிறார்கள். ஒருவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும், மற்றவருக்கு மருத்துவமே தெரிந்திருக்கக் கூடாது. இரண்டையும் வைத்து ஒன்றாக்குகிறார்கள். மூலத்தைப் பார்க்காத இருவர் அதை மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டு போகிறார்கள். அப்புறம் ஒரு குழு உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்பிட்டு, சோதனைக்கான பதிப்பை முடிவு செய்கிறது. அதை 30 முதல் 40 பேரிடம் சோதிக்கிறார்கள்.

மறுமொழிபெயர்ப்பின் மேல் புதியவர்கள் அளவுக்கு மீறி நம்பிக்கை வைக்கிறார்கள். எங்கள் முதல் பதிப்பில் ‘சிகிச்சைத் தெரிவுகள்’ என்று இருந்தது. ஆங்கிலத்துக்கு மிக அழகாகத் திரும்பிப் போனது, குழுவில் ஒருவரும் குறை சொல்லவில்லை. பெஞ்சில் படித்தபோது ஒரு பெரியவர், “எந்தத் தெருவு?” என்று கேட்டார். புத்தகத் தமிழைப் புத்தகத் தமிழ் தெரிந்தவர் திருப்பினால் எதுவும் தொலையாது. கேட்பவருக்கு விளங்குமா என்பதை அந்தச் சோதனை தொடவே தொடாது. மூலத்தின் பொருள் மாறிவிட்டதா என்று பார்க்க மட்டும் மறுமொழிபெயர்ப்பை வையுங்கள்.

குழுவில் மொழிபெயர்த்தவர்கள், டாக்டர், புள்ளியியல் தெரிந்தவர், தமிழாசிரியர் ஆகியோர் வழக்கமாக இருப்பார்கள். நான் இன்னும் ஒருவரைச் சேர்க்கச் சொல்வேன்: வார்டில் இருபது வருடமாக நோயாளிகளோடு பேசிப் பழகிய ஆயாம்மாவோ ஸ்டாஃப் நர்ஸோ. ‘சாதக பாதகங்கள்’ என்று நாங்கள் எழுதியதைப் பார்த்த ஒரு ஆயாம்மா, “ஜாதகம் பாக்கிறாங்களான்னு கேப்பாங்கம்மா” என்றார். அப்புறம் ‘இந்தச் சிகிச்சையால் என்ன நல்லது, என்ன தொந்தரவு’ என்று மாற்றினோம். ‘பக்க விளைவு’ என்று சொல்லலாமே என்று டாக்டர் கேட்டார். அது மருந்துக்கு மட்டும் பொருந்தும், ஆபரேஷனுக்கும் செலவுக்கும் அலைச்சலுக்கும் பொருந்தாது. ‘தொந்தரவு’ எல்லாவற்றையும் தழுவிக்கொள்கிறது.

இதே குழுவிடம் ஒவ்வொரு வாக்கியமும் எவ்வளவு பொருத்தம் என்று 1 முதல் 4 வரை மதிப்பெண் போடச் சொல்லுங்கள். 3 அல்லது 4 போட்டவர்களின் பங்கைக் கணக்கிட வேண்டும். ஆறு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 0.78க்குக் குறையக் கூடாது என்பது நடைமுறை. ஆறு பேரில் ஐந்து பேர் ஒப்பினால் 0.83, தேறியது. நான்கு பேர் மட்டும் என்றால் 0.67, வாக்கியத்தைத் திருத்த வேண்டும்.

யார் அந்த ‘நான்’?

தமிழுக்கென்றே வரும் ஒரு சிக்கலை இங்கே சொல்லிவிடுகிறேன். மூலத்தில் எல்லா வாக்கியமும் நோயாளி தன்னைப் பற்றிச் சொல்வதாக இருக்கும்: ‘டாக்டர் என்னிடம் கேட்டார்’, ‘டாக்டரும் நானும் சேர்ந்து’. நோயாளி தானே படித்துக் குறித்தால் தொல்லையில்லை. ஆனால் நம் ஓபியில் கண்ணாடி கொண்டுவராதவர்கள், படிக்கத் தெரியாதவர்கள், கை நடுங்குபவர்கள் என்று பலருக்கு நாம்தான் படித்துக் காட்ட வேண்டும். நீங்கள் “டாக்டர் என்னிடம் கேட்டார்” என்று படித்தால், எதிரில் இருப்பவர் “உங்களையா?” என்றுதான் பார்ப்பார்.

அதனால் இரண்டு பதிப்பு வேண்டும். தானே நிரப்புவதற்கு ‘என்னிடம்’. படித்துக் காட்டுவதற்கு ‘உங்களிடம்’. இந்த மாற்றத்தைக் குழுவிடம் ஒப்புதல் வாங்கி, உருவாக்கியவர்களுக்கும் தெரிவித்து, கட்டுரையிலும் எழுதுங்கள். பலர் களத்தில் தாங்களாகவே மாற்றிப் படித்துவிட்டு அறிக்கையில் எழுதாமல் விடுகிறார்கள். அது சரியில்லை.

எழுத்துத் தமிழ், பேச்சுத் தமிழ் விவகாரமும் இதோடு சேர்ந்ததுதான். “விளக்கினாரா” என்று அச்சில் இருப்பதை ஒரு நேர்காணலாளர் “விளக்குனாரா” என்பார், இன்னொருவர் “புரியற மாதிரி சொன்னாரா” என்பார். இரண்டாவது வேறு கேள்வி. நாங்கள் செய்தது: ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கீழே, வாயால் சொல்ல வேண்டிய வடிவத்தையும் அச்சிட்டோம். நேர்காணலாளர் அதைத் தவிர வேறெதுவும் சொல்லக் கூடாது. பேச்சுத் தமிழை அச்சிடுவது கௌரவக் குறைச்சல் என்று குழுவில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பத்து பேர் பத்து விதமாகக் கேட்பதைவிட இது எவ்வளவோ மேல் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

நோயாளியைத் தொடுவதற்கு முன்

இனி வரும் எதற்கும் எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வேண்டும், முன்சோதனைக்கும் சேர்த்துத்தான். ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 நெறிமுறைகளைப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒப்புதல் படிவத்தைப் படித்துக் காட்டி, ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சியின் முன்னிலையில் கைநாட்டு வாங்க வேண்டும். ‘பதில் சொல்லாவிட்டாலும் உங்கள் சிகிச்சையில் எந்த வித்தியாசமும் இருக்காது’ என்ற வரியைப் படித்துக் காட்டிய பிறகு கொஞ்சம் நிறுத்துங்கள். அது அவர்களுக்கு உறைக்க நேரம் வேண்டும்.

பெஞ்ச்

30, 40 பேரிடம் முன்சோதனை என்றால் தாளைக் கொடுத்து “புரியுதா?” என்று கேட்டு, “புரியுது” என்று டிக் போட்டுக்கொண்டு வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். “புரியுதா” என்று கேட்டால் நம் ஊரில் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். அதைக் கேட்கவே கேட்காதீர்கள். இப்படிக் கேளுங்கள்: “இந்தக் கேள்வியை உங்க வீட்டுல யாருக்காவது சொல்லணும்னா எப்படிச் சொல்வீங்க?” “நீங்க பெரும்பாலும்னு சொன்னீங்களே, அப்ப என்ன ஞாபகம் வந்தது?” “இதுல டாக்டர்னா யாரை நினைச்சீங்க?”

கடைசிக் கேள்விக்கு வரும் பதில் முக்கியம். பயிற்சி மருத்துவமனையில் ஒருவர் ஒரே நாளில் மூன்று பேரைப் பார்த்திருப்பார். “சின்ன டாக்டர் எல்லாத்தையும் கேட்டாரு, பெரிய டாக்டர் ஒண்ணும் கேக்கல, எழுதிக் குடுத்துட்டாரு” என்பார்கள். எனவே ஆரம்பத்திலேயே ‘இன்று உங்கள் சிகிச்சையை முடிவு செய்தபோது உங்களோடு பேசிய டாக்டர்’ என்று ஒருவரைக் குறித்துக்கொள்ள வேண்டும். ‘மருத்துவர்’ என்றே அச்சிட வேண்டும் என்று தமிழாசிரியர் விரும்பினார். பெஞ்சில் அந்தச் சொல்லைக் கேட்டு ஒருவர் நாட்டு மருந்து கொடுப்பவரை நினைத்துக்கொண்டார். ‘டாக்டர்’ என்றே வைத்தோம். ‘கேட்டார்’, ‘சொன்னார்’ என்ற மரியாதை வடிவம் ஆண் டாக்டருக்கும் பெண் டாக்டருக்கும் பொருந்துவது நம் மொழி கொடுத்த வசதி.

மீன் விற்கும் அம்மாவிடம் திரும்புவோம். ‘முடிவு’ என்ற சொல்லை மாற்ற வேண்டுமா? ‘தீர்மானம்’ போட்டுப் பார்த்தோம், கட்சிக் கூட்டம் போல ஒலித்தது. பிறகு கவனித்தபோது பிழை சொல்லில் இல்லை, அது நின்ற இடத்தில் இருந்தது. ‘முடிவு’ தனியாக நின்றால் ஆஸ்பத்திரியில் அது ரிசல்ட். ‘பேசி முடிவு பண்ணுவது’ என்றால் யாருக்கும் சந்தேகம் வராது. கல்யாணத்துக்குப் பேசி முடிவு பண்ணுவோம், வீட்டு வாடகை பேசி முடிவு பண்ணுவோம். இரண்டு தரப்பு உண்டு, இரண்டுக்கும் வாய் உண்டு என்பது அந்தச் சொற்றொடருக்குள்ளேயே இருக்கிறது. முதல் வாக்கியத்தின் பேச்சு வடிவத்தை, “உங்களுக்கு எந்த வைத்தியம் செய்யறதுன்னு பேசி முடிவு பண்ண வேண்டியிருக்குன்னு டாக்டர் தெளிவா சொன்னாரு” என்று வைத்தோம். மறுபடி பெஞ்சுக்குப் போனபோது ரத்தமும் எக்ஸ்ரேயும் வரவில்லை.

‘டாக்டரும் நீங்களும் சேர்ந்து’ என்ற வாக்கியம் வேறு விதமாகச் சிக்கியது. வியாசர்பாடியிலிருந்து வந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவர், சுகர் நோயாளி. கேள்வியைக் கேட்டதும் கூச்சப்பட்டார். “அவரு எங்க, நான் எங்க. அவரு படிச்சவரு சார்.” இதை மொழிபெயர்ப்புத் தவறு என்று எடுத்துக்கொள்ளலாமா? எங்களுக்குள் வெகுநேரம் விவாதம் நடந்தது. நான் வைத்துக்கொண்ட அளவுகோல் இது: கேள்வியைச் சரியாகப் புரிந்துகொண்டு, ‘அப்படி நடக்கவில்லை’ என்று சொன்னால் அது செல்லுபடியாகும் 0. நடந்ததைப் பற்றி யோசிக்காமல், கேள்வியே மரியாதைக் குறைவு என்று ஒதுங்கினால் வாக்கியத்தைத் திருத்த வேண்டும். அவரிடம் மெதுவாக மேலே கேட்டோம். ஊசி போட்டால் வண்டி ஓட்டும்போது மயக்கம் வருமோ என்று பயம் இருந்ததாகவும், டாக்டரிடம் சொன்னதாகவும், டாக்டர் ராத்திரி ஊசியிலிருந்து ஆரம்பிக்கலாமா என்று கேட்டதாகவும், இவர் சரி என்றதாகவும் சொன்னார். இதைவிடச் சேர்ந்து முடிவெடுப்பது வேறென்ன? ‘சேர்ந்து’ என்ற சொல் அவரை டாக்டருக்குச் சமமான நாற்காலியில் உட்கார வைத்தது, அவர் எழுந்துவிட்டார். ‘கலந்து பேசி’ என்று மாற்றினோம். அதற்கு அவர் தயங்காமல் பதில் சொன்னார்.

குடும்பத்தை மறக்காதீர்கள். “எங்ககிட்ட கேட்டாங்க” என்பார் நோயாளி. அந்த ‘எங்க’வில் மகளும் மருமகனும் இருப்பார்கள். டாக்டர் பேசியது முழுக்க மகளிடம்தான் என்றால் ‘உங்களிடம் கேட்டார்’ என்பதற்கு என்ன குறிப்பது? மூலத்தில் இதற்கு விடை இல்லை. உங்கள் குழு ஒரு விதியை எழுதி வைக்க வேண்டும். நோயாளி அந்த அறையில் இருந்து, பேச்சில் கலந்துகொண்டிருந்தால் அவர் நினைப்பதையே குறிப்பது, உடன் யார் இருந்தார் என்பதைத் தனிக் கட்டத்தில் பதிவது என்று நாங்கள் வைத்தோம். பிறகு அந்தக் கட்டத்தை வைத்துப் பிரித்துப் பார்க்கவும் முடிந்தது.

பதில் சொல்லும் அட்டை

ஆறு நிலைகளை அப்படியே தமிழாக்கினால் ‘ஓரளவு உடன்படவில்லை’ என்று ஒன்று வரும். அப்படி ஒரு வாக்கியத்தைத் தமிழில் யாரும் பேசுவதில்லை. நாங்கள் அதை இரண்டு படியாகக் கேட்டோம். முதலில், “நடந்ததா, நடக்கலையா?” அப்புறம், “முழுக்கவா, பெரும்பாலுமா, கொஞ்சமா?” இரண்டு விடையையும் சேர்த்தால் ஆறில் ஒன்று கிடைத்துவிடும். நடுநிலை என்று ஒன்றை நீங்களாகச் சேர்க்காதீர்கள், மதிப்பெண் கணக்கே மாறிவிடும்.

நேர்காணலாளர் பயிற்சியில் நான் வற்புறுத்துபவை இரண்டு. ஒன்று ‘சரி’. வாக்கியத்தைப் படித்ததும் நோயாளி “சரி” என்பார். “சொன்னது காதில் விழுந்தது, மேலே சொல்லு” என்று அதற்குப் பொருள். அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு 5 போட்டால் மொத்த ஆய்வும் பாழ். “உம்” கொட்டுவதும் அப்படித்தான். அட்டையைக் காட்டி, விரலை ஒரு கட்டத்தில் வைக்கும் வரை எதையும் குறிக்கக் கூடாது. இரண்டாவது ‘தானே’. நோயாளி யோசிக்கும்போது, “டாக்டர் சொன்னாருதானே?” என்று எடுத்துக் கொடுப்பது நம் பேச்சில் தானாக வரும். நேர்காணலாளர்களை ஒருவரை ஒருவர் பேட்டி எடுக்க வைத்து அதை ஒலிப்பதிவு செய்து திரும்பப் போட்டுக் காட்டுங்கள். எத்தனை ‘தானே’ விழுந்திருக்கிறது என்று அவர்களே எண்ணிப் பார்த்தால் மறுநாளே குறைந்துவிடும்.

களம்

ஒரு மருத்துவமனையில் நாங்கள் முதல் நாள் டாக்டர் அறை வாசலிலேயே உட்கார்ந்து கேட்டோம். நேர்காணலாளர்கள் வெள்ளைக் கோட்டில் இருந்தார்கள். அன்று சேர்ந்த தாள்களில் பெரும்பாலானவை முழு மதிப்பெண். “தெய்வம் மாதிரி பாத்தாங்க” என்று ஒரு பாட்டி கையெடுத்துக் கும்பிட்டார். கதவு திறந்திருந்தது. அந்தத் தாள்கள் எதையும் ஆய்வில் சேர்க்கவில்லை.

மறுநாள் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு மருந்து கொடுக்கும் இடத்தைத் தாண்டி, வெளியே போகும் வழியில் மரத்தடியில் நாற்காலி போட்டோம். மருந்து வாங்கும் வரிசையில் நிற்பவரைக் கூப்பிடாதீர்கள். இடம் போய்விடுமோ என்ற பதற்றத்தில் எல்லாவற்றுக்கும் “முழுக்க” என்று சொல்லிவிட்டு ஓடுவார். மருந்து கைக்கு வந்த பிறகு கேளுங்கள். இத்தனைக்குப் பிறகும், மொத்த மதிப்பெண்ணில் உச்சத்தைத் தொட்டவர்கள் 15 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கேள்வித்தாள் நல்லதையும் மிக நல்லதையும் பிரித்துக் காட்டவில்லை என்று பொருள். அதை அறிக்கையில் மறைக்காமல் எழுத வேண்டும்.

வடசென்னையில் வீட்டில் தெலுங்கும் உருதும் பேசுபவர்கள் நிறைய. தெருவில் தமிழ், வீட்டில் வேறு. ‘தமிழ் தெரிந்தவர்’ என்பது தளர்வான நிபந்தனை. ‘டாக்டரிடம் தமிழில் பேசியவர்’ என்று வைத்தால் சரியாக இருக்கும், ஏனென்றால் நாம் கேட்பது அந்தப் பேச்சைப் பற்றித்தான்.

எத்தனை பேர் என்று எல்லாரும் கேட்பார்கள். இத்தகைய கேள்வித்தாள்களை எப்படிச் சோதிப்பது என்று வகுத்த காஸ்மின் என்னும் ஆய்வாளர் குழுவின் அளவுகோல்படி, காரணிப் பகுப்பாய்வுக்கு (எந்த வாக்கியங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து போகின்றன என்று பார்க்கும் கணக்குக்கு) வாக்கிய எண்ணிக்கையைப் போல் ஏழு மடங்கு, ஆனால் 100க்குக் குறையாமல். ஒன்பது வாக்கியத்துக்கு ஏழு மடங்கு 63தான், எனவே 100 கட்டாயம். முடிந்தால் 200 எடுங்கள். ஆணையும் பெண்ணையும், படித்தவரையும் படிக்காதவரையும் தனித்தனியாகப் பார்க்க அது வேண்டும்.

கணக்கு

ஜாமோவி, ஆர் இரண்டும் இலவச மென்பொருள்கள், இவற்றிலேயே எல்லாம் முடிந்துவிடும். ஒன்பது வாக்கியமும் ஒரே விஷயத்தை அளக்கின்றனவா என்பதற்கு உறுதிப்படுத்தும் காரணிப் பகுப்பாய்வு. பதில்கள் ஆறு படிகளாக இருப்பதால் வரிசைத் தரவுக்கான முறையைத் தேர்ந்தெடுங்கள். நாம் நினைத்த அமைப்பு தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதை மென்பொருள் இரண்டு எண்களாகக் காட்டும்: சிஎஃப்ஐ 0.95ஐ ஒட்டியும், ஆர்எம்எஸ்இஏ 0.06ஐ ஒட்டியும் இருக்க வேண்டும் என்பது 1999இல் ஹூவும் பெண்ட்லரும் சொன்ன அளவு. அதை ஒரு கல்வெட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வாக்கியம் மற்றவற்றோடு ஒட்டாமல் நின்றால் உடனே நீக்காமல், பெஞ்சில் எழுதிய குறிப்பேட்டைத் திறந்து அந்த வாக்கியத்துக்கு என்ன பதில் வந்தது என்று பாருங்கள். காரணம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

வாக்கியங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கிரோன்பாக் ஆல்ஃபா 0.70க்கு மேல் வேண்டும். 0.95ஐத் தாண்டினால் மகிழ வேண்டாம். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறோம், அல்லது நோயாளிகள் எல்லாவற்றுக்கும் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவதுதான் நம் ஊரில் அதிகம்.

மறுசோதனை என்றால் அதே ஆளிடம் அதே கேள்விகளை மறுபடி கேட்பது. அதற்குக் குறைந்தது 50 பேர், ஒன்று முதல் இரண்டு வாரத்துக்குள். இரண்டு முறையும் வந்த மதிப்பெண்கள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று காட்டும் ஐசிசி 0.70க்கு மேல். இதில் ஒரு சிக்கல் உண்டு. நாம் கேட்பது ஒரு குறிப்பிட்ட நாளில் நடந்த பேச்சைப் பற்றி. நடுவில் அவர் மறுபடி டாக்டரைப் பார்த்துவிட்டால் அவர் சொல்வது வேறு பேச்சு. அடுத்து மாத்திரை வாங்க வரும் தேதியைக் கேட்டு எழுதிக்கொண்டு, அதற்கு முன்பே போனில் கூப்பிட வேண்டும். பலர் கொடுக்கும் எண் மகனுடையது, மகன் வேலைக்குப் போயிருப்பார். எந்த நேரத்தில் கூப்பிட்டால் நீங்களே எடுப்பீர்கள் என்று முதல் நாளே கேளுங்கள். முதலில் நேரில், பிறகு போனில் என்றால் அந்த மாற்றத்தையும் எழுதுங்கள்.

நம் கேள்வித்தாள் அளக்க வேண்டியதைத்தான் அளக்கிறதா என்று பார்க்க வேறொரு கேள்வித்தாளோடு ஒப்பிடுவது வழக்கம். அப்போது அந்தக் கேள்வித்தாளும் தமிழில் சோதிக்கப்பட்டதா என்று பாருங்கள். அவசரமாக மொழிபெயர்த்த ஒன்றோடு நம்முடையதை ஒப்பிட்டு, ‘ஒத்துப்போகிறது’ என்று எழுதுவதில் பயனில்லை. தகுந்தது கிடைக்காவிட்டால் குழுக்களை ஒப்பிடலாம்: இன்சுலினுக்கு வேறு வழியும் சொல்லப்பட்டவர்கள், சொல்லப்படாதவர்களைவிட அதிகம் வாங்க வேண்டும். அந்த எதிர்பார்ப்பைத் தரவு சேர்ப்பதற்கு முன்பே தேதி போட்டு எழுதி வைத்துவிடுங்கள். பார்த்த பிறகு எழுதினால் அதை யாரும் நம்ப வேண்டியதில்லை.

வெளியிடும்போது

கட்டுரையோடு முழுத் தமிழ் கேள்வித்தாளையும் கொடுங்கள், தானே நிரப்பும் பதிப்பு, படித்துக் காட்டும் பதிப்பு இரண்டையும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பதிப்பு எண்ணும் தேதியும் இருக்கட்டும். ‘சரி’ என்றால் குறிக்காதே, ‘தானே’ சொல்லாதே, குடும்பத்தார் பேசினால் என்ன செய்வது என்ற நேர்காணலாளர் விதிகளையும் ஒரு பக்கமாக இணையுங்கள். உருவாக்கியவர்களுக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். கைவிட்ட சொற்களின் பட்டியலையும் எதற்காகக் கைவிட்டீர்கள் என்பதையும் சேர்த்துக் கொடுத்தால், அடுத்து மதுரையிலோ திருநெல்வேலியிலோ இதைச் செய்ய வருபவர் ‘தெரிவு’ என்று மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருக்காது. அங்கே ‘தொந்தரவு’ சரியாக விழுகிறதா என்று மட்டும் அவர் பெஞ்சில் கேட்டுப் பார்த்துக்கொள்வார்.